சக்கரம் பார்க்கிறவர்

எங்கள் தெருவில் எந்த வண்டி திணறினாலும் அது அவர் காதுக்குத்தான் முதலில் போகும். தறியில் உட்கார்ந்திருப்பார். வெளியே ஓர் எஞ்சின் உறுமி, அடங்கி, மறுபடி உறுமினால் போதும். இழை ஓட்டுகிற நாடாவைப் பட்டின்மேல் அப்படியே வைத்துவிட்டுத் தறிக்குழியிலிருந்து எழுந்துவிடுவார். கதவோரம் சாய்த்துவைத்திருக்கும் மரக்கட்டைகளில் ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொள்வார். லுங்கியை மடித்துக் கட்டுவதெல்லாம் தெருவில் இறங்கியபிறகுதான். செருப்பு போட்டு நான் பார்த்ததில்லை.

யாருடைய வண்டி என்று கேட்கமாட்டார். கல்யாணப் பாத்திரம் ஏற்றிவந்த வேன், காஸ் சிலிண்டர் வண்டி, தண்ணீர் லாரி, எதுவானாலும் அவருக்கு ஒன்றுதான். முன்சக்கரத்துக்கு எதிரே குனிந்து, பின்னுக்கு நடந்துகொண்டே, "வா, வா, வா... ரைட்டுல ஒடி... இன்னும் ஒடி... வரலாம்... போதும்!" என்பார். அந்தப் "போதும்" தெருக்கோடி வரை கேட்கும். வண்டி நகர்ந்தபிறகு ஓட்டுநர் கை தூக்கினால் அதைக்கூடப் பார்க்கமாட்டார். சக்கரம் விட்டுப்போன தடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் மனைவியை நான் அத்தை என்பேன், அவரை மாமா என்பேன். உறவு ஒன்றுமில்லை, எதிரெதிர் வீடு. கணவன் தெருவில் நிற்க, முக்கால் சேலை தறியில் நிற்க, அத்தை வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்லும்:

"உங்கம்மா என்னக் கட்டி வெச்சதுக்கு, உங்களுக்கு ஒரு டயரப் பாத்துக் கட்டி வெச்சிருக்கலாம்."

"டயரு இவ்ளோ பேசாதுமா" என்று சொல்லிக்கொண்டே அவர் உள்ளே போவார்.

ஒரு கல்யாணத்தில் நான் கண்ணால் பார்த்தேன். பந்தியில் சாம்பார் முடிந்து ரசம் வருகிற நேரம். மண்டபத்துக்கு வெளியே யாரோ காரைப் பின்னுக்கு எடுக்கிற சத்தம். எச்சில் கையோடு எழுந்து போனார். திரும்பி வருவதற்குள் இலையை எடுத்துவிட்டார்கள். அத்தை தன் இலையிலிருந்து ஒரு ஜாங்கிரியை மடியில் மறைத்துவைத்துக் கொடுத்தது. தின்றுகொண்டே, "பின்னாடி ஒரு கல்லு இருந்துச்சு, அவன் பாக்கல" என்றார்.

இதெல்லாம் தேரிலிருந்து வந்த பழக்கம். அவர்கள் குடும்பம் தேருக்குக் கட்டை போடுகிற குடும்பம். வெளியூர்க்காரர்கள் தேர் என்றால் வடம் இழுப்பதை மட்டும்தான் பார்ப்பார்கள். அத்தனை பேர் இழுத்தாலும் தேருக்கு ஸ்டியரிங் கிடையாது, பிரேக் கிடையாது. ஓடுகிற சக்கரத்துக்கு அடியில் ஒரு பக்கமாகக் கட்டையைச் சொருகினால் சக்கரம் அதில் ஏறிச் சறுக்கித் திரும்பும். முழுதாகச் சொருகினால் நிற்கும். கட்டை போடுகிறவர்கள் சக்கரத்துக்கு முன்னால் குனிந்தபடி பின்னுக்கு நடந்துகொண்டே இருக்க வேண்டும். அவருக்கு இடது காலில் சுண்டுவிரல் கிடையாது. அது எங்கே போனது என்று கேட்டால், "ராஜவீதி திருப்பத்துல இருக்குது" என்பார்.

"கூட்டத்துல பயமா இருக்காதா மாமா?" என்று ஒருமுறை கேட்டேன். பயந்தாங்கொள்ளியான நான் கேட்கக்கூடிய கேள்விதான்.

"கூட்டம் எங்கமா தெரியும்? கட்டை போடுறவன் தலைய தூக்கக் கூடாது. சக்கரத்தத்தான் பாக்கணும். ஆளப் பாக்க வேற ஆளுங்க இருக்காங்க. கயித்தப் புடிச்சிக்கினு, தள்ளு தள்ளுன்னு கத்திக்கினு வருவாங்க. அவன் வேல அவனுக்கு, என் வேல எனக்கு."

இன்னொன்றும் சொல்வார்: "கெளம்பினது நிலைக்குப் போய்ச் சேரணும். நடுத்தெருவுல நிக்கிறது ஆகாதுபா." தேர் வழியில் நின்றுவிட்டால் ஊருக்கு ஆகாது என்று அவர்கள் வீட்டில் நம்புவார்கள். அதையே அவர் எல்லா வண்டிக்கும் வைத்துக்கொண்டார். வண்டிக்கு மட்டுமா? எங்கள் பீரோ ஒரு பக்கம் ஆடும். ஒருநாள் கேட்காமலே உள்ளே வந்து, சின்னதாக ஓர் ஆப்பு செதுக்கி அடியில் தட்டிவிட்டுப் போனார். இப்போது அவரும் அத்தையும் மகனோடு சென்னையில், ஏதோ உயரமான கட்டடத்தில் இருப்பதாகக் கேள்வி. பீரோ இன்னும் ஆடவில்லை.

எங்கள் நகர் காஞ்சிபுரத்துக்கு வெளியே, வயலை மனையாக்கி வந்தது. உள்ளூர்த் தெருக்களில் இடம் போதாமல் வந்த தறிக்காரக் குடும்பங்களும், என் கணவர் மாதிரி கம்பெனி வேலைக்குப் போகிறவர்களும் சரிபாதி. தெரு நேராக வந்து ஒரு திருப்பத்தில் இறங்கும். திருப்பத்தில் இந்தப் பக்கம் பிள்ளையார் கோயில், அந்தப் பக்கம் எங்கள் வீடு, வீட்டை ஒட்டி மூடாத கால்வாய். எங்கள் வீட்டுச் சுவருக்கு இந்தப் புறம்தான் என் மகள் உட்கார்ந்து படிப்பாள். அப்போது ஒன்பதாவது. நான் எட்டாவதோடு நின்றவள், பட்டுச்சேலை முந்தானைக்குக் குச்சு கட்டுவது என் வேலை. அவளாவது படித்து முடிக்க வேண்டும் என்பது ஒரு கவலை. முடிக்கும்வரை நல்லபடியாகப் போய் நல்லபடியாக வர வேண்டும் என்பது அதைவிடப் பெரிய கவலை. எனக்கு எதைப் பார்த்தாலும் கெட்டதுதான் முதலில் தோன்றும். காஸ் மூடினேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிறவள் நான். "பிரஷர் குக்கருக்குக் கை கால் முளைச்சா நீதான்" என்பார் என் கணவர்.

அப்படிப்பட்ட தெருவுக்குத்தான் லாரிகள் வந்தன.

பெரிய சாலையில் பாலத்தை இடித்துக் கட்டுகிறார்கள் என்று சொன்னார்கள். ஒரு காலையில், நகர் முகப்பில், கனரக வாகனங்கள் மாற்றுப் பாதை என்று எழுதி எங்கள் தெருவைப் பார்த்து அம்புக்குறி போட்ட பலகை நின்றது. "கொஞ்ச நாளைக்குத்தான்" என்று பலகை நட்டவர்கள் சொன்னார்கள். மதியத்துக்குள் முதல் ஜல்லி லாரி வந்துவிட்டது. அப்புறம் எம்-சாண்ட், செங்கல், கம்பெனிகளுக்குப் போகிற கன்டெய்னர், நீளமாக இரும்புக்குழாய் ஏற்றிய டிரைலர். கோலம் போட்ட மாவு காய்வதற்குள் டயர் தடம். துவைத்துப் போட்ட துணி எல்லாம் சிமென்ட் நிறம். தறி வைத்திருப்பவர்கள் ஜன்னலை அடைத்துக்கொண்டு உள்ளே வெந்தார்கள். லாரி இறங்கும்போது தரை அதிர, தறியில் பூட்டிய பாவில் இழை அறுந்தது. நான் கட்டுகிற குச்சு முடிச்சு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. குழாய் உடைந்து தண்ணீர் தெருவில் ஓடியது. எங்கள் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் விட்டது. அதைத் தினமும் விரலால் தடவிப் பார்ப்பேன்.

அவர் மட்டும் அலுக்கவே இல்லை. ஒவ்வொரு லாரிக்கும் எழுந்து வந்தார். பின்சக்கரம் கால்வாய்க்குள் போகாமல் விளிம்பில் கட்டையைப் போடுவார். ஏற்றத்தில் பின்னுக்கு உருண்டால் அடியில் ஒன்றைத் தள்ளுவார். பிள்ளையாருக்கும் எங்கள் சுவருக்கும் நடுவே, பாவில் இழை கோக்கிற மாதிரி, அத்தனை பெரிய வண்டியை எடுத்துவிடுவார். ஓட்டுநர்களுக்கு அவர் பெயர் தெரியாது. "பெரியவரே" என்று தமிழ் ஓட்டுநர்கள், "பாபாய்" என்று ஆந்திராக்காரர்கள், "சாச்சா" என்று வடநாட்டுக்காரர்கள். திருப்பத்துக்கு வருவதற்கு முன்பே அவருக்கென்று ஒரு ஹாரன் அடிக்கப் பழகிக்கொண்டார்கள். அந்தச் சத்தம் கேட்டால் நான் சுவர்ப் பக்கம் ஓடுவேன், அவர் முகம் மலரும்.

சீக்கிரமே இன்னொன்றையும் கவனித்தேன். முதலில் வராத நீள வண்டிகள் வர ஆரம்பித்தன. ஒரு டிரைலர் கிளீனர் மளிகைக்கடையில் வாழைப்பழம் வாங்கும்போது சொன்னான்: "செங்கல்பட்டுல டீக்கடையிலயே சொல்லிட்டாங்க. அந்தத் திருப்பத்துல ஒரு பெருசு நிக்கிறாரு, எத்தினி நீட்டு வண்டின்னாலும் எடுத்துவுட்ருவாருன்னு."

மளிகைக்கடைக்காரர் எங்கள் தெருவின் வாய். அவருக்குத் தெரிந்தால் பிள்ளையாருக்கும் தெரிந்த மாதிரி. அன்று சாயங்காலமே தெரு முழுக்க அதே பேச்சு.

மனு கொடுத்து, அலைந்து, ஒருவழியாகச் சாலையைப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். நாங்கள் எல்லோரும் திருப்பத்தில் கூடினோம். கடைக்காரர் விரிசல்களைக் காட்டினார். அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார்.

"வண்டி எதுனா மாட்டிச்சா? பிரேக் டவுன் ஆச்சா? ட்ராபிக் நின்னுச்சா?"

"இன்னும் இல்ல சார். ஆனா..."

"அப்படி எதுனா ஆனாத்தான் இந்தப் பாதை தோது இல்லன்னு எழுத முடியும். வேற பாதையும் பாக்கணும்ல."

சொல்லி வாய் மூடவில்லை, அந்த ஹாரன் கேட்டது. குழாய் ஏற்றிய டிரைலர். அது திருப்பத்தில் மூக்கை நுழைத்து, எங்கள் சுவரைப் பார்த்து நின்றது. கடைக்காரர் முகத்தில் ஒரு வெளிச்சம். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

"வராதீங்க, வராதீங்க" என்று கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

அவர் எங்கே கேட்டார். குனிந்துவிட்டார். "லெப்ட்ல ஒடி... வா வா வா... நில்லு... ரிவர்ஸ் எடு கொஞ்சம்... வா..." டிரைலர், சொன்ன பேச்சுக் கேட்கும் பசுமாடு மாதிரி, மெல்ல மெல்லப் பிள்ளையார் கோயில் படியைத் தொடாமல், எங்கள் சுவரைத் தொடாமல் திரும்பி இறங்கிப் போயிற்று. அதிகாரி அதைச் செல்போனில் படம் பிடித்தார்.

"அருமையா போகுதே" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

அதிகாரி போனதும் கடைக்காரர் வெடித்தார். "நீதான்யா அவனுங்கள வெத்தல பாக்கு வெச்சி அழைக்கிற! நீ ஒருநாள் வூட்ல குந்து. ஒண்ணே ஒண்ணு மாட்டட்டும். மறுநா பலகைய எடுத்துருவான்."

"நான் போகலன்னா அவன் இந்தப் பொண்ணு வூட்டு செவுத்துமேல ஏறுவான்" என்று என்னைக் காட்டினார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன சொல்வது? அவர் வெளியே வந்தால் இன்றைக்குச் சுவர் பிழைக்கும், நாளைக்கு இன்னும் பத்து லாரி வரும். வராவிட்டால் லாரி நிற்கும், ஆனால் முதலில் என் சுவரில் வந்து நிற்கும். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"சொல்லுமா, உன் வூடுதான" என்றார் கடைக்காரர்.

"அவரையே கேளுங்க" என்றேன்.

"நிக்கிறத பாத்துக்கினு எப்டிபா உக்காருறது?" என்றார் அவர். கோபம் இல்லை. தாகம் எடுத்தவன் தண்ணீரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

"தெருவே ஒரு பக்கம், இவரு லாரி பக்கம்" என்றது அத்தை. "கல்யாணமாகி வந்த நாளா நான் சொல்றது இப்பத்தான் உங்களுக்குத் தெரியுதா?"

சிரிப்பு வந்தது. கூட்டம் கலைந்தது. லாரிகள் வந்துகொண்டுதான் இருந்தன.

என் மகள் அன்று சாயங்காலம் பள்ளிவிட்டு வழக்கம்போல சைக்கிளில் வந்தாள். நான் வழக்கம்போல ஜன்னலில் நின்றேன். திருப்பத்தில் ஒரு கன்டெய்னர் திரும்பிக்கொண்டிருந்தது. முன்னால் அவர் குனிந்திருந்தார். "வா, வா" என்ற குரல் எனக்குக் கேட்டது. நீள வண்டி முன்னால் இடது பக்கம் திரும்பினால் வால் வலது பக்கம் வீசும். அவள் வலது பக்கம், கால்வாய் ஓரமாக, வண்டி போகட்டும் என்று ஒரு காலை ஊன்றி நின்றிருந்தாள். பெட்டியின் பின்மூலை அவளை நோக்கி மெதுவாக வந்தது. மெதுவாகத்தான் வந்தது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. அவள் சைக்கிளோடு கால்வாய்க்குள் சாய்ந்தாள். பெட்டி அவள் நின்ற இடத்தைத் துடைத்துக்கொண்டு போயிற்று.

கால்வாய் இருந்ததால் பிழைத்தாள். நான் மூடச் சொல்லி மனு எழுதவைத்த கால்வாய். முழங்கை சிராய்ந்தது, சீருடை சேறானது, சைக்கிளின் பின்சக்கரம் எட்டு மாதிரி வளைந்தது. நான் ஓடிப்போய் அவளைத் தூக்கினபோது, முன்பக்கம் அவர் இன்னும் "வரலாம், வரலாம்" என்றுகொண்டிருந்தார்.

வண்டி போனபிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

அன்று விளக்கு வைத்தபிறகு எங்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. கையில் கட்டை இல்லாமல் அவரைத் தெருவில் பார்ப்பதே புதிதாக இருந்தது.

"நான் பாக்கலமா."

"நீங்க பாக்கலன்னு தெரியும் மாமா."

"தேருன்னா ஆளு இருப்பாங்க. கயிறு புடிச்சிக்கினு வருவாங்க." வெறும் கையைப் பார்த்துக்கொண்டார். "இங்க யாரும் இல்லன்னு எனக்குத் தோணவே இல்ல பாரு."

என் மகள் உள்ளிருந்து, "தாத்தா, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். எனக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். எனக்கு வந்தது பயம்தான். நல்லவர் ஒருவர் கண்ணெதிரே இருக்கும்போதே இப்படி நடக்கும் என்றால் வேறு எதை நம்புவது என்கிற பயம்.

மறுநாளிலிருந்து அவர் கதவைத் திறக்கவில்லை.

ஹாரன் அடித்தார்கள். அவருக்கென்று அடிக்கிற அந்த ஹாரன். கதவு திறக்கவில்லை. சின்ன லாரிகள் உரசிக்கொண்டும் முனகிக்கொண்டும் போயின. கோயில் படியில் ஒரு மூலை உடைந்தது. அப்புறம் ஒரு காலை, குழாய் டிரைலர் ஒன்று வந்தது. ஓட்டுநர் ஒடித்தார், பின்னுக்கு எடுத்தார், மறுபடி ஒடித்தார். பின்சக்கரம் கால்வாய் விளிம்பில் இறங்கியது. வண்டியின் நடுப்பாகம் எங்கள் சுற்றுச்சுவரில் சாய்ந்து, ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது.

தெரு முழுக்க வெளியே வந்து கை கட்டி நின்றது. யாரும் சிரிக்கவில்லை, யாரும் உதவவும் இல்லை. ஓட்டுநர் தமிழ் தெரியாத இளவயதுப் பையன். "சாச்சா? சாச்சா கிதர்?" பெரியவர் எங்கே என்று ஒவ்வொரு முகமாகக் கேட்டான். கடைக்காரர்கூட வேறு பக்கம் பார்த்தார். நான் மகளைப் பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, விரிசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தை பிறகு சொன்னது: எஞ்சின் உறுமும்போதெல்லாம் அவர் தறிமரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

நகரின் இருபுறமும் வண்டிகள் நின்றன. அதே அதிகாரி வந்தார். பார்த்தார். யார் யாருக்கோ போன் செய்தார். இந்தப் பாதை ஆகாது என்று அவர் வாயாலேயே சொன்னதை எல்லோரும் கேட்டோம். ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்தது. ஆனால் வண்டி என் சுவரில் சாய்ந்தபடியே இருந்தது. கிரேன் வைத்துத் தூக்கினால் சுவர் கட்டாயம் விழும், வீட்டின் மூலையும் சேர்ந்து வரலாம் என்றார்கள்.

நான்தான் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். வா என்று சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே தட்டினேன். திறந்து, என்னைப் பார்த்து, கட்டைகளை எடுத்துக்கொண்டார். ஆனால் வழக்கம்போல நேரே போய்க் குனியவில்லை. நடுத்தெருவில் நிமிர்ந்து நின்று கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஆளு யாரு பாக்குறது?"

யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

"நான் பாக்குறேன் மாமா."

"நீ பயப்படுவியே."

"அதனாலதான்."

பின்பக்கம் போய் நின்றேன். கடைக்காரரைத் தள்ளிப் போகச் சொன்னேன், அதிகாரியைத் தள்ளிப் போகச் சொன்னேன். என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியாது. கட்டைமேல் கட்டையாக வைத்து, விரல் விரலாக வண்டியை நகர்த்தி வெளியே எடுத்தார். சுற்றுச்சுவரில் மேல்வரிசைச் செங்கல் மட்டும் போயிற்று.

பலகையைப் பிடுங்கினார்கள். பிள்ளையாருக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தோம். கடைக்காரர் அவருக்கு ஒரு துண்டு போர்த்தினார். கோலம் நாள் முழுக்கக் கலையாமல் இருந்தது. நான் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு குச்சு கட்டினேன்.

அந்த அமைதியில்தான் கேட்டது. வயலுக்கு அந்தப் பக்கம், ஐயம்பேட்டை போகிற வழியில் இருக்கிற இன்னொரு நகரிலிருந்து, தூரத்தில், அவருடைய ஹாரன். பலகையை அங்கே நட்டிருந்தார்கள்.

மறுநாள் காலை அவர் எங்கள் கேட்டில் நின்றார். அக்குளில் கட்டைகள்.

"கெளம்புமா. அங்க ஒரு திருப்பம் இருக்குது, நேத்து போய்ப் பாத்துட்டு வந்தேன். நம்மளுதவிட மோசம். பக்கத்துலயே பால்வாடி."

"நம்ம தெருவுலதான் போகலியே மாமா" என்றார் என் கணவர் உள்ளிருந்து.

"தெரு மாறிச்சு. லாரி மாறலியே." பிறகு என்னைப் பார்த்து, "நான் தலைய தூக்கமாட்டேன். அது எனக்கு வராது. ஆளு பாக்க ஒரு ஆளு வேணும். தெருவுல எல்லாருக்கும் தைரியம் ஜாஸ்தி, அவங்க ஆவமாட்டாங்க."

போனேன். கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அந்தத் தெருவும் எங்கள் தெரு மாதிரியே இருந்தது. அதே புதுச் சுவர்கள், அதே மூடாத கால்வாய். எம்-சாண்ட் லாரி ஒன்று திருப்பத்தில் மூக்கை விட்டுக்கொண்டு திணறியது. அவர் போய்க் குனிந்தார். நான் பின்பக்கம் போய்க் கையை விரித்து நின்றேன். ஒரு கேட்டைத் திறந்துகொண்டு ஒரு பெண் வெளியே வந்தாள். என் வயதுதான். அவள் பிள்ளை, பால்வாடிப் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அவள் கையை உதறிவிட்டுத் தெரு விளிம்புக்கு வந்து நின்றது.

"நீங்க யாரு? ஆபீஸ்லேந்து வர்றீங்களா?"

"இல்லக்கா. வயலுக்கு அந்தாண்ட, அந்த நகர்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஓகோ. உங்க தெருவுலேந்து எங்க தெருவுக்குத் தள்ளிவுட்டது நீங்கதானா?"

பதில் சொல்ல நேரமில்லை. லாரியின் வால் எங்கள் பக்கம் வீச ஆரம்பித்திருந்தது.

முன்பக்கமிருந்து, தலை நிமிராமல், அவர் குரல் வந்தது:

"ஆளு?"

"கொழந்த நிக்குது! போதும் மாமா!"

கட்டை முழுதாக உள்ளே போகும் சத்தம் கேட்டது. அத்தனை பெரிய லாரி ஒரு குலுக்கலோடு நின்றது. பின்னால் வந்த வண்டிகள் ஹாரனாக அடித்துத் தீர்த்தன. அவர் ஒரு காலால் கட்டையை மிதித்துக்கொண்டு, நடுத்தெருவில், குனிந்த தலை குனிந்தபடியே நின்றார்.

"தூக்கிக்கினு உள்ள போங்கக்கா" என்றேன்.

அந்தப் பெண் என்னை முறைத்துக்கொண்டேதான் பிள்ளையைத் தூக்கினாள். முறைத்துக்கொண்டேதான் கேட்டுக்குள் போனாள். தாழ்ப்பாள் போட்டாளா என்று எட்டிப் பார்த்தேன். போட்டிருந்தாள்.

"வரலாம் மாமா" என்றேன்.